செக் பேசாத வீடு

"அதை அடிச்சுட்டு எழுதுங்கய்யா. நான் ஜெர்மன்காரி இல்ல."

வேலைக்காரி ருஷேனா சூப்புக் கிண்ணத்தை வைத்த வேகத்தில் மேசை விரிப்பு நனைந்தது. கையுறைக் கடை முதலாளி நவ்ராத்தில் பேனாவை நிறுத்தவில்லை. வியன்னாவில் 1910-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வீட்டுத் தலைவர்தான் வேலைக்காரர்களுக்கும் சேர்த்து எழுத வேண்டும். உன் தாய்மொழி எது என்று கேட்கமாட்டார்கள். அன்றாடம் எந்த மொழி பேசுகிறாய் என்றுதான் கேட்பார்கள். நல்ல தந்திரம்!

"என்கிட்ட ஜெர்மன்லதான பேசுற?"

"உங்களுக்கு வேற புரியாதுன்னு காட்டிக்கிறீங்களே, அதனால பேசுறேன். சாமிகிட்டயும் பெரியய்யாகிட்டயும் நம்ம செக் மொழியிலதான் பேசுறேன்."

முதலாளியின் காது சிவந்தது. பெரியய்யா என்றது அவருடைய அப்பா மத்யேயை. செக் கிராமத்திலிருந்து வந்து, செங்கல் சூளையில் வெந்து மகனைக் கடைக்காரனாக்கிய கிழவருக்கு ஒரு ஜெர்மன் வார்த்தைகூடத் தெரியாது. மகனோ, இந்த நகரத்தின் ஜெர்மன் தன்மையைக் காப்பேன் என்று போன வருஷம்தான் நகரசபையில் சத்தியம் செய்து குடியுரிமை வாங்கியிருந்தார். அதிலிருந்து அப்பாவிடம் எது சொல்வதானாலும் ருஷேனா மூலம்தான்.

"பெரியய்யாவுக்கு என்ன போட்டீங்க?"

"ஜெர்மன். பிடிக்கலன்னா பெட்டியக் கட்டு."

வேலை போனால் ருஷேனாவுக்குப் படுக்க இடமில்லை. ஆனால் அவளுடைய அக்கா மகன் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் புரியாமல் தினமும் முட்டி போடுகிறான். செக் பள்ளி கேட்டுப் போனவர்களிடம், "இந்தப் பேட்டையில் செக் பேசுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று பழைய கணக்கைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபம் அவளைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை செக் சங்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சங்கம் கொடுத்த புகாரை விசாரிக்கக் கணக்கெடுப்பு அதிகாரி வந்தார். அடுப்பங்கரையில் மாவுருண்டை தின்றுகொண்டிருந்த மத்யேயிடம் ஜெர்மனில் கேட்டார்: "பெரியவரே, நீங்க பிறந்த ஊர் எது?"

கிழவர் மென்றுகொண்டே அவரைப் பார்த்தார்.

நவ்ராத்திலுக்கு வியர்த்தது. "ருஷேனா, அப்பாகிட்ட கொஞ்சம் சொல்லு."

"நான் எதுக்குய்யா? அவருக்கு ஜெர்மன் தெரியும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

இனி இந்த வீட்டில் தனக்குச் சோறு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

நவ்ராத்தில் ஒரு நொடிதான் தடுமாறினார். "அப்பாவுக்குக் காது கேக்காது சார். பேச்சும் வராது."

அதிகாரிக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. ஊனத்துக்கென்று இருந்த கட்டத்தில் 'செவிட்டூமை' என்று எழுதினார். மொழிக் கட்டத்தில் ஜெர்மன் அப்படியே இருந்தது, அவளுக்கும்தான்.

"என்ன பொண்ணே எழுதுறான்?" கிழவர் செக்கில் கேட்டார், வீடே அதிரும் குரலில்.

ருஷேனாவும் செக்கிலேயே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "உங்களுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுன்னு உங்க மகன் சொல்றாரு. அத எழுதுறாங்க."

மத்யேய் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மகனைப் பார்த்து வாயைத் திறந்தவர், சூளையில் கற்ற அத்தனை வசவையும் ஒன்றுவிடாமல் கொட்டினார். எழுதியதை அடிக்காமலே அதிகாரி மாடிப்படி இறங்கித் தெருவைத் தாண்டும் வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.