எட்டாவது ஆள்

காடாம்புலியூரில் அன்று அது பதினாறாவது வீடு. இளவரசு பைக்கை வேலியோரம் நிறுத்திவிட்டு, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நோட்டீசை எடுத்தார். கடலூர்–சிதம்பரம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தத்துவம் நடத்துகிறார். மே, ஜூன் வந்தால் அங்கே வாத்தியார்கள் எல்லோரும் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். தத்துவத்துக்கு எட்டுப் பேராவது சேராவிட்டால் துறையை மூடிவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள். அன்றுதான் கடைசி நாள்.

முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களால் அந்த வீட்டு மலர்க்கொடி நோட்டீசை வாங்கினாள்.

"இதப் படிச்சா இன்னா வேல சார் கெடைக்கும்?"

"கவர்மெண்ட் பரீட்ச எழுதலாம்க்கா."

எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னார்.

மகள் அனுப்பிரியா நோட்டீசை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தாள். பிளஸ் டூவில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எடுத்தவள்.

"சார், எங்கம்மா நாலு மணிக்கு எழுந்திரிக்கிறாங்க, சோறாக்குறாங்க, கொட்ட ஒடைக்கப் போறாங்க, வந்து படுக்குறாங்க. மறுநாளும் அதேதான். எதுக்கு இதெல்லாம்னு இந்தப் படிப்புல சொல்வாங்களா?"

ஒன்பது வருடத்தில் ஒரு மாணவர்கூட இளவரசுவிடம் இப்படிக் கேட்டதில்லை. அட்டெண்டன்ஸ் போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். இவளுக்குப் பாடம் நடத்த உண்மையிலேயே ஆசை வந்தது.

"பாடமே அதாம்மா. இதுக்குத்தான் வாழணும்னு யாரும் எழுதி வைக்கல. நாமதான் தேர்ந்தெடுக்கணும். அந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் இருக்கு."

அவள் முகம் தெளிந்தது. "திங்கக்கெழம கடலூர்ல கவர்மெண்ட் காலேஜ் கவுன்சிலிங் இருக்கு சார். பீஸ் கம்மி. அதையும் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

போய்ப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் மதிப்பெண்ணுக்கு அங்கே கேட்ட பாடம் கிடைக்கும்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்ட இன்னைக்கே குடுத்தாதாம்மா சீட்டு," என்றார்.

ஒரிஜினல் இல்லாமல் கவுன்சிலிங்குக்குப் போக முடியாது. மூன்று வருடக் கட்டணத்தையும் வாங்காமல் இவர்கள் கல்லூரி அதைத் திருப்பித் தராது. இரண்டும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டார்.

மலர்க்கொடி மகளைப் பார்த்தாள். "நீ இன்னா சொல்ற?"

"சேர்றேம்மா."

அனுப்பிரியா சர்டிபிகேட் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். "நல்லா சொல்லிக் குடுங்க சார்," என்றாள் தாய். அவர் தலையாட்டினார். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் சௌந்தரம் இரும்பு பீரோவைத் திறந்தாள்.

"எட்டு ஆச்சு. இந்த வருஷம் தப்பிச்சிட்டீங்க சார்."

அனுப்பிரியாவின் கவரை மாணவர்கள் அடுக்கில் செருகினாள். அதற்கு மேலடுக்கு ஆசிரியர்களுடையது. வேறு வேலைக்குப் போக இளவரசு இரண்டு முறை கேட்டும் கொடுக்காத அவருடைய ஒரிஜினல்கள் அங்கே பழுப்பேறிய உறையில் இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சௌந்தரம் பீரோவைச் சாத்திப் பூட்டினாள்.