பிரேமினி விட்ட பந்து

வட்டகொடைப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் சொஃப்ட்போல் ஆட ஆரம்பித்து மூன்று வருஷம். மூன்று வருஷமும் வலயப் போட்டியில் அவர்களுக்கு வாய்த்தது அட்டனில் உள்ள அதே டவுன் பள்ளிக்கூடம், அதே பிட்சர் தனுஷிகா. மூன்று வருஷமும் எடுத்த ஓட்டம் சைபர். ஒன்று, அரை என்றுகூடச் சொல்ல வழியில்லை.

சும்மா சொல்லக்கூடாது, தனுஷிகா கெட்டிக்காரிதான். கையை ஒரு சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து விட்டாளென்றால் பந்து வந்தது கண்ணுக்குத் தெரியாது. பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறையில் பட்டென்று விழுகிற சத்தம்தான் தெரியும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு நம்ம பிள்ளைகள் மட்டையை வீசுவார்கள். பஸ் போன பிறகு கை காட்டி என்ன பிரயோசனம்?

பிள்ளைகளைப் பழக்கிய நாகலெட்சுமி டீச்சருக்கும் சொஃப்ட்போலை யாரும் பழக்கியதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். எல்லே என்கிற நாட்டு மட்டைப்பந்து ஆடிய கை. சித்திரை வருஷப் பிறப்புக்குத் தோட்டத்தில் நடக்கும் ஆட்டத்தில் மூங்கில் தடியால் பந்தை ஃபெக்டரிக் கூரைக்கு மேலால் அனுப்பியவர் என்று இன்றைக்கும் சொல்வார்கள். எல்லேக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். பிள்ளைகளும் எல்லே ஆடிப் பழகியவர்கள். ஆகவே எல்லாரும் சேர்ந்து, மனதார, ஒரே தப்பை மூன்று வருஷம் செய்தார்கள்.

பள்ளிக்கூட அதிபர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை. கணக்கு வாத்தியார், அதுதான் சங்கடம். நாலாவது வருஷம் தொடங்கியதும் டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டீச்சர், நான் உங்களை வெல்லச் சொல்லிக் கேக்கேல்லை. ஒரேயொரு ஓட்டம். அதுவும் வராட்டில் பின்னேரம் மூண்டு மணி தொடக்கம் அஞ்சு மணி மட்டும் ஓ.எல். சோதினை எழுதுற பிள்ளையளுக்குக் கணக்கு வகுப்பு வைக்கப்போறன். பிறகு என்னைக் கோவிக்கப்படாது."

"ஒரு ஓட்டம் எடுத்தா விட்டுருவீங்களா சார்?"

"சொன்ன சொல் சொன்னதுதான்."

மூன்றிலிருந்து ஐந்து போய்விட்டால் டீம் போய்விட்டது என்று அர்த்தம். ஐந்துக்குப் பிறகு மைதானத்தில் பனிமூட்டம் இறங்கிவிடும், தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளைகள் மலையேறி வீடு போக வேண்டும். டீச்சர் அன்றைக்கு ஒரு வாய் சோறும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமைதான் போன வருஷத்து ஆட்டத்தின் வீடியோவை எடுத்துப் பார்த்தார். பந்தை மூன்றாந்தரமும் விட்ட நம்ம பிள்ளை மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நடக்கிறாள். அந்தக் கேட்சர் பிள்ளை பின்னால் ஓடி வந்து பந்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். இந்தத் தட்டு எல்லாருக்கும் தெரிந்த தட்டுத்தான். நக்கலடிக்கிறாள் என்று பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். நம்ம பக்கத்துப் பிரேமினி ஒரு தரம் திரும்பி நின்று அவளைத் தள்ளியே விட்டாள், அதற்கு டீச்சர்தான் போய் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் வீடியோவை நாலு தரம் பார்த்ததில் ஒன்று உறைத்தது. அவள் எல்லாரையும் தட்டவில்லை. பந்து கையுறையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தால் மட்டும்தான் எடுத்துக்கொண்டு ஓடி வந்து தட்டுகிறாள்.

டீச்சர் சிங்களத்தில் இருந்த விதிப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். விஷயம் இதுதான்: மூன்றாவது பந்தை அடிக்காமல் விட்டாலும், கேட்சர் அதைப் பிடிக்காமல் கீழே போட்டு, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் ஆளும் இல்லாவிட்டால், அடிக்க நின்றவள் ஓடலாம். இரண்டு பேர் அவுட்டாகிவிட்டால் முதல் பேஸில் ஆள் இருந்தாலும் ஓடலாம். பந்து பேஸுக்கு வருமுன் போய்ச் சேர்ந்தால் அவுட்டில்லாமல் தப்பிவிடலாம். அதனால்தான் ஓடி வந்து தட்டினாள். தட்டாவிட்டால் நம்ம பிள்ளை அவுட்டே இல்லை.

எல்லேயில் அப்படிக் கிடையாது. மூன்று தரம் விட்டால் தடியைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். நம்ம பிள்ளைகளும் மரியாதையாக வந்துவிட்டார்கள். அந்த ஒரே ஆட்டத்தில் ஏழு தரம் பந்து கீழே விழுந்திருந்தது. ஏழு பேர் ஓடியிருக்கலாம். ஏழு பேரும் நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், வேறென்ன?

மறுநாளிலிருந்து மைதானத்தில் அடிக்கப் பழக்குவதை டீச்சர் நிறுத்திவிட்டார். விடப் பழக்கினார். விடு, ஓடு. விடு, ஓடு. பார்த்தவர்களுக்கு டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

நிலக்ஷி என்ற ஒல்லிப் பிள்ளை இதை உடனே பிடித்துக்கொண்டாள். அவள் ஓட்டக்காரி, மட்டை அவளுக்குப் பாரம்தான். முரண்டு பிடித்தது பிரேமினி. டீமிலேயே பலமான கை அவளுக்குத்தான். அவள் வீசினால் காற்று உஸ்ஸென்று கேட்கும்.

"அடிக்காம ஓடுறதா டீச்சர்? பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்டி. மூணு வருசமா அழுதியே, அத விட மோசமா?"

"நான் அடிச்சே காட்டுறேன்."

"அவ பந்த நீ கண்ணாலயாச்சும் பாத்திருக்கியா?"

பிரேமினி மட்டையை ஒரு தரம் காற்றில் வீசிக் காட்டினாள். அவளுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அவ்வளவு பலமாக வீசினால் உடம்பு ஒரு சுற்றுச் சுற்றிவிடும். நிமிர்ந்து ஓடத் தொடங்குவதற்குள் பந்து பேஸுக்குப் போய்விடும். டீச்சர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "மூணாவது பந்த அடிக்கப் பாக்காத. மட்டைய மேலால சும்மா காட்டிட்டு ஓடு. அது மட்டும் செஞ்சா போதும்." பிரேமினி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பழகினாள். பழகியதைச் சரியாகவும் செய்தாள்.

போட்டி நாளன்று அதிபரும் குடையோடு அட்டனுக்கு வந்துவிட்டார். எல்லைக்கோட்டுக்கு வெளியே வேலியோரமாக நின்று பார்த்தார். விளையாட்டு விளங்காதவர் முகத்தில் வருமே ஒரு பொறுமை, அது அவர் முகத்தில் இருந்தது.

தனுஷிகா இந்த வருஷம் இன்னும் வேகம். ஆனால் விடு, ஓடு வேலை செய்தது. முதல் தரம் நிலக்ஷி விட்டுவிட்டு ஓடியபோது அதை எதிர்பாராத கேட்சருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் அப்படியே பேஸுக்குப் போனார்கள். ஓட்டமாகத்தான் மாறவில்லை. அந்தப் பக்கம் ஐந்து ஓட்டம் எடுத்திருந்தார்கள். ஏழாவது இன்னிங்ஸ், கடைசித் தரம் வட்டகொடை ஆட வந்தபோது இந்தப் பக்கம் இன்னும் சைபர்.

முதலாவது பிள்ளை அவுட். நிலக்ஷி விட்டுவிட்டு ஓடி முதல் பேஸ் பிடித்தாள். அடுத்த பந்து போகிற போக்கில் இரண்டாவதுக்கு ஓடினாள். அதற்கடுத்த பிள்ளையும் அவுட், ஆனால் நடுவில் ஒரு பந்து எகிறிப் போக, நிலக்ஷி மூன்றாவதுக்கு வந்துவிட்டாள். இரண்டு அவுட். அடிக்க வந்தவள் பிரேமினி.

பிரேமினி ஓடிப் பேஸைத் தொட்டால் நிலக்ஷி அடிக்கிற இடத்துக்கு, வீட்டுக்கு, வந்துவிடுவாள். ஒன்று. அது போதும்.

"பிரேமினி! சொன்னது ஞாபகம் இருக்கா?"

அவள் தலையை ஆட்டினாள்.

இரண்டு பந்து வந்தது, இரண்டும் மின்னல். இரண்டையும் விட்டாள். அப்போது அந்தக் கேட்சர் பிள்ளை அம்பயரிடம் ஒரு நிமிஷம் கேட்டு எழுந்து போய்த் தனுஷிகாவிடம் ஏதோ சொன்னாள். கையுறையைக் கழற்றிச் சிவந்த உள்ளங்கையைக் காட்டினாள். தனுஷிகா அதைப் பார்த்துவிட்டுச் சரியென்றாள்.

மூன்றாவது பந்து அவள் கையை விட்டபோதே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவான பந்து. கேட்சர் பிடிக்கட்டும் என்று பார்த்து, நடுவில், நிதானமாகப் போட்ட பந்து. தனுஷிகாவிடமிருந்து மூன்று வருஷத்தில் வராத பந்து. எல்லேயில் அடிக்க வாகாக வருகிற பந்து! அடி என்று கத்த டீச்சர் வாயைத் திறந்தார், ஆனால் சத்தம் வருவதற்கு முன் பந்து வந்துவிட்டது.

பிரேமினியும் பார்த்தாள். பார்த்தது அவள் தோளிலேயே தெரிந்தது. மட்டை ஒரு நொடி பின்னால் போனது. பிறகு, சொன்ன பிள்ளையாக, பந்துக்கு ஒரு சாண் மேலால் மட்டையைச் சும்மா காட்டிவிட்டு ஓடினாள். என்ன ஓட்டம் அது! முதல் பேஸை மிதித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் நிலக்ஷி பாய்ந்து வந்து வீட்டைத் தொட்டாள். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

பந்து கேட்சரின் கையுறைக்குள் பத்திரமாக இருந்தது. அவள் அதைத் தூக்கி அம்பயருக்குக் காட்டினாள். அவர் முஷ்டியை உயர்த்தினார். பிடித்த பந்துக்கு ஓட்டம் கிடையாது. மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது.

ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டு மடித்துக்கொண்டு டீச்சர் திரும்பியபோது, அதிபர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கை தட்டியபடி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், ஒண்டு வந்திட்டுது! நான் என்ரை கண்ணாலை பாத்தனான். அந்த மெல்லிய பிள்ளை ஓடி வந்து தொட்டவள். மற்றப் பிள்ளையும் என்ன வடிவாய் ஓடினவள்! சரி, நான் சொன்ன சொல் மாறமாட்டன். மூண்டு மணி உங்களுக்குத்தான்."

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஸ்கோர் தாள் சிங்களத்தில் இருந்தது, அதிபர் கேட்டு வாங்கிப் பார்க்கப் போவதுமில்லை. 'ஓம் சார்' என்று ஒரு சொல் போதும். டீச்சருக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது, அதை மறைப்பானேன். அப்போதுதான் பிரேமினி அவரைப் பார்ப்பதைக் கண்டார். செய்தது சரியா என்று கேட்கிற பார்வை. ஓம் என்றால் பந்தை விட்டதுதான் சரி என்றாகும். இவள் காலமெல்லாம் அப்படியே நம்புவாள்.

"அது கணக்கில்ல சார். சைபர்தான்."

"என்ன சொல்லுறியள்? அவள் தொட்டவள்."

"பந்த அவங்க புடிச்சிட்டாங்க. பிரேமினி அத அடிச்சிருக்கணும். நான்தான் அடிக்காதன்னு சொல்லி வச்சிருந்தேன். தப்பு என்னோடது சார்."

அதிபரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். குடையை ஒரு தரம் விரித்து, மழை இல்லையென்று கண்டு மடித்தார்.

"அப்ப திங்கக்கிழமை தொடக்கம் வகுப்பு," என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்.

நிலக்ஷிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "சும்மா இருந்திருக்கலாம்ல டீச்சர்? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். மற்றப் பிள்ளைகளும் அவள் பக்கம்தான். டீச்சர் பிரேமினியின் முன்னால் போய் நின்றார்.

"அந்தப் பந்து ஒனக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு டீச்சர்."

"அடிச்சிருப்பியா?"

பிரேமினி தன் கையைப் பார்த்தாள்.

"பந்தோட தையல் கூடத் தெரிஞ்சிச்சு டீச்சர்," என்றாள். "ஆனா நீங்க ஓடச் சொல்லியிருந்தீங்களே."