பின்னால் நிற்க ஐந்து பேர்

நசரத்பேட்டைப் பெண்கள் கால்பந்து அணிக்கு வரைந்து காட்டப் பலகை கிடையாது, செருப்புதான். ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொரு செருப்பை மண்ணில் போடுவார்கள். பயிற்சியாளர் தங்கராஜ் அவற்றைக் குச்சியால் நகர்த்தி, யார் எங்கே நிற்பது என்று காட்டுவார். அன்று பின்னால் ஐந்து, நடுவில் நான்கு, முன்னால் ஒரே ஒரு செருப்பு.

"டிரா போதும்மா. கோல் போட யாரும் அலைய வேணாம். கோல் உடாம இருந்தா சரி" என்றார்.

அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பியதும், பின்வரிசைக் கனிமொழி தன் செருப்பைக் கால்விரலால் ஒரு சாண் முன்னே தள்ளினாள். கேப்டன் கோமளா அதைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தாள். அங்கேயே அதட்டியிருக்க வேண்டும்.

டிரா ஆனால் அரையிறுதி. அரையிறுதி போனால் சான்றிதழ். அது இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். மற்றவர்களுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. கோமளாவுக்கோ இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து தப்பிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

எழுபது நிமிடம் எல்லாம் சொன்னபடி நடந்தது. எதிரே ஆடிய ஆவடி அணி ஒரு கோல், இவர்கள் ஒரு கோல், டிராதான். அப்போதுதான் ஒருவர் நோட்டும் கையுமாகப் பந்தலில் வந்து உட்கார்ந்தார். ஏதோ கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறாராம். சேதி மைதானம் முழுக்கப் பரவ அரை நிமிடம் ஆகவில்லை. தடுத்தவள் பெயரை எவன் எழுதுவான், கோல் போட்டவள் பெயரைத்தானே எழுதுவான் என்று இந்தப் பெண்களுக்கு யார் சொல்லி வைத்தார்களோ, ஒவ்வொருத்தியாக ஆவடியின் கோல் பக்கம் மேலே நழுவினாள்.

"கனி, பின்னாடி வா" என்று கோமளா கத்தினாள்.

"இதோ வந்துகினே கீறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே கனிமொழி முன்னால் ஓடினாள்.

திரும்பிப் பார்த்தால், பின்னால் கோமளாவும் கோல்கீப்பர் ரைஹானாவும் மட்டும்தான். எல்லைக்கோட்டருகே தங்கராஜ் தலையில் கை வைத்து நின்றார். மேலே பறிபோன பந்து ஆவடிப் பெண்கள் இருவரிடம் வந்தது. ஒருத்தியை மறித்தால் இன்னொருத்தியிடம் போகும். அது தெரிந்தேதான் கோமளா ஒருத்தியை மறித்தாள். பந்து மற்றவளிடம் போய் வலையில் விழுந்தது. ஆவடி இரண்டு, இவர்கள் ஒன்று.

இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஒரு கோல் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

"எல்லாம் மேல போங்க. இனிமே பின்னாடி நின்னு இன்னா பண்ணப் போறீங்க" என்றாள் கோமளா.

ஒருத்தியும் அசையவில்லை. ஓடி வந்து ரைஹானாவைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள்.

"இன்னொன்னு உழுந்தா என்னாலதான்னு அந்த ஆளு எழுதிக்குவாருக்கா. நான் நவுர மாட்டேன்" என்றாள் கனிமொழி.

கோமளா கெஞ்சினாள், திட்டினாள், ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். போன நிமிடம் இவர்களைப் பின்னால் வரவைக்க முடியவில்லை, இப்போது முன்னால் அனுப்ப முடியவில்லை. கடைசியில் தானே பந்தை உருட்டிக்கொண்டு போனாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு தூரம் மேலே போனதில்லை. எதிரே மூன்று பேர் வந்தார்கள். பந்தைத் தட்டிவிட இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், யாருமில்லை.

"போடுக்கா, போடு" என்று அந்தக் கோடியில், ரைஹானாவின் பக்கத்தில் நின்று கனிமொழி கத்தினாள்.

ஆவடிப் பெண் ஒருத்தி கோமளாவின் காலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனாள்.