கறி கட்

எடிசன் ஊரில் செல்வராஜுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று பேர். அந்தப் பேரை வைத்தவரும் அவரேதான். மகள் மானஸாவின் வருங்கால மாமியார் லிண்டா, முழு வான்கோழியை வாட்டி வைக்கும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முதல் தடவையாக வருகிறார் என்றதும், "முழு டர்க்கி. நானே ரோஸ்ட் பண்றேன், நீ பாத்துக்கிட்டே இரு" என்று மகளிடம் அடித்துச் சொல்லிவிட்டார்.

"அப்பா, ப்ளீஸ். டோன்ட் மெஸ் இட் அப்" என்றாள் அவள்.

விருந்தன்று காலை ஓக் ட்ரீ ரோட்டுக் கறிக்கடையில் கூட்டம் நெரிந்தது. கடைக்காரர் வான்கோழியைத் தூக்கிக் காட்டி, "கறி கட்?" என்றார். இருபது வருஷமாகக் கோழிக்கு ஆடிப் பழகிய தலை, தன்பாட்டுக்கு ஆடிவிட்டது. செல்வராஜின் கண் போனில் இருந்தது. வான்கோழியில் சேவல்தான் கொக்கரிக்குமாம், பெட்டை அப்படிக் கத்தாதாம். விருந்தில் எடுத்துவிட இப்படி ஏகப்பட்ட சங்கதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பையைத் திறந்தால் பதினாலு பவுண்டும் குழம்புக்கு நறுக்கித் துண்டு துண்டாகக் கிடந்தது. தன் மானம் போனால் போகட்டும், மகள் அந்த அம்மாள் முன்னால் தலைகுனிந்து நிற்பாளே! கடைக்குப் போன் போட்டார். முழுசெல்லாம் தீர்ந்துவிட்டதாம். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லியையும் மிளகையும் வறுக்க ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு மேஜைமேல் குழம்புச் சட்டியைப் பார்த்த மானஸாவின் முகம் வெளுத்தது. லிண்டா சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, டர்க்கி எங்கே என்று கேட்டார்.

செல்வராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "நீங்க இதை டர்க்கிங்கிறீங்க. துருக்கிக்காரங்க இதுக்கு வெச்சிருக்கிற பேரு 'ஹிந்தி'. இந்தியாவுல இருந்து வந்ததுன்னு அவங்க நெனப்பு. பொறந்தது உங்க ஊரு, பேரு எங்க ஊரு. பேருக்கு ஏத்த மாதிரி சமைச்சிருக்கேன்."

லிண்டா சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு சாப்பிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுபடி கரண்டியை எடுத்தார். அவர் வீட்டு டர்க்கி வருஷா வருஷம் கட்டையாக வறண்டு போகுமாம்.

"அடுத்த வருஷம் நானும் இதுதான் செய்யப்போறேன். கடையில என்ன சொல்லி வாங்கணும்?" என்று கேட்டார்.

செல்வராஜ் மகளைப் பார்த்தார். அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கடைக்காரரே ஏதோ கேப்பார். போனைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டுங்க, போதும்."

சிரிப்பில் மானஸாவுக்குப் புரையேறியது. முதுகில் தட்டிக்கொடுத்தது லிண்டாதான்.