பன்னிரண்டாம் எண் பேருந்தில் விட்ட தூக்கம்

போன செவ்வாய்க்கிழமை என் தூக்கத்தைப் பன்னிரண்டாம் எண் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். நடத்துநர் விசிலடித்த அவசரத்தில் சாப்பாட்டுப் பையும் குடையும்தான் கைக்கு வந்தன. அப்புறம் மூன்று நாள் கண் மூடவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் பணிமனைக்குப் போனேன்.

தவறவிட்ட பொருள்கள் பிரிவில் அடைக்கலராஜ் என்பவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று தட்டு அலமாரி. மேலே குடைகள், நடுவில் டிபன் கேரியர்கள், கீழே தூக்கங்கள். தூக்கங்களுக்கு மட்டும் கொசுவலை கட்டியிருந்தார்கள்.

“அடையாளம் சொல்லுங்க சார். எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?”

“வலது பக்கம். ஃபேன் மூணுல ஓடணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காபி ஆகாது.”

“குறட்டை?”

“இல்ல.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“கொஞ்சம் உண்டு” என்றேன்.

உடனே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அது இருந்த இடத்துக்குப் பின்னால் இன்னொன்று தெரிந்தது. இடது பக்கம் சுருண்டு, கன்னத்துக்கடியில் கை வைத்து, போர்வைக்கு வெளியே கால்விரலை நீட்டிக்கொண்டு, தூசி படிந்து கிடந்தது. என் மனைவி கோகிலத்தின் தூக்கம்.

ஆறு வருடத்துக்கு முன் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கோகிலம் இதே பேருந்தில்தான் போய்வந்துகொண்டிருந்தாள். பிறகு வீட்டில் இரண்டு வருடம், அம்மா கூப்பிட்டால் கேட்கவேண்டுமென்று ஒரு காதைக் கதவுப் பக்கமே வைத்துப் படுத்திருந்தாள். அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. காதை அவள் இன்னும் எடுக்கவில்லை. போன மாதம் தையல் மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். இவ்வளவு நாளும் நான் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டிருக்கிறேன். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

“ரெண்டையும் எடுத்துக்கிறேன்.”

“ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் சார். அதுவும் ஒரே தடவைதான். அந்தப் பழசை இன்னிக்கு மத்தியானம் கழிச்சுடுவோம்.”

என் தூக்கத்துக்கு எழுதிக்கொடுத்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“குறட்டை?”

“கிடையவே கிடையாது.”

முத்திரை குத்திக் கொடுத்தார்.

சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். திரையை இழுத்துவிட்டு, செல்போனைச் சமையலறையில் போட்டுவிட்டு, தலையணைமேல் அதை விரித்தேன்.

“எங்கங்க கெடந்துச்சு இது?” என்றாள் கோகிலம்.

“பஸ்ஸுலதான்.”

படுத்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“அத்தை கூப்பிட்டா?”

“நான் எந்திரிச்சுக்கிறேன். நீ தூங்கு.”

திங்கட்கிழமை காலைவரை தூங்கினாள். நடுவில், சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். எழுந்து போய் வெந்நீர் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டாம் எண்ணில் நடத்துநர் புதிது. என் தூக்கம்தான். ஆள் பற்றாக்குறையாம், வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தது. ஜன்னலோர இருக்கையில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, “சாய்ஞ்சுக்குங்க சார், ஸ்டாப் வந்ததும் எழுப்புறேன்” என்றது.