ஒரு பட்டாவுக்கு இரண்டு வீடு

புத்தூரில் ஹாஜிரா வீட்டுக் கதவில் சொத்து முடக்க நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் காலை, வீடு இரண்டாகியிருந்தது. பக்கத்துக் காலி மனையில் அதே பச்சை கேட், அதே உடைந்த சன்ஷேடு, அதே முருங்கைமரம், அதே கிளையில் காய். நோட்டீஸும் இரண்டு. பால் பாக்கெட் எடுக்க வந்த ஹாஜிரா "யா அல்லாஹ்" என்று படியில் உட்கார்ந்தவள்தான், பால் வெயிலில் திரிந்துபோகும்வரை எழுந்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த வீட்டைக் கட்டியவன் நகைச்சீட்டு நல்லதம்பி. சீட்டுக் கம்பெனி தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே வீட்டை வங்கியில் அடமானம் வைத்தான். கடன் கட்டவில்லை, வங்கி ஏலம் விட்டது. ஹாஜிராவின் புருஷன் முகம்மது கனி, குவைத் வெயிலில் ரோடு போட்டுச் சேர்த்த இருபது வருஷத்தையும் கொட்டி அதை எடுத்தார். பட்டா மாற்றத்தான் அலைந்துகொண்டிருந்தார். அதற்குள் நல்லதம்பி ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி அவன் பெயரில் இருந்ததையெல்லாம் அதிகாரிகள் முடக்கினார்கள். பட்டாவில் அவன் பெயர் இருந்ததால் இதையும்.

எதிர்வீட்டு வெள்ளையம்மாள் மகள் கல்யாணத்துக்கென்று கட்டிய சீட்டை அவனிடம் பறிகொடுத்தவள். "எங்க வயித்தெரிச்சல்ல குடியிருக்கீங்க, நல்லாருங்க. இப்ப ஒண்ணுக்கு ரெண்டா வேற" என்று தினமும் கோலம் போட்டபடியே சொன்னாள். ஹாஜிரா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். கனியிடம்தான் சொன்னாள்: "இருபது வருஷம் நீங்க அங்க, நான் இங்க. அதுக்கு நம்மகிட்ட இருக்குறது இந்த வீடு மட்டும்தாங்க. இதுவும் போச்சுன்னா நாம வாழவே இல்லைன்னு ஆயிடும்."

ஸ்ரீரங்கத்து வக்கீல் யமுனா வந்து பார்த்து, "ரங்கநாதா!" என்று கைப்பையை நழுவவிட்டாள். அப்புறம் அதைத் தட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தீர்ப்பாயத்துக்கு முறையீடு எழுதினாள். குற்றத்துக்கு முந்தியது அடமானம், ஏலத்தில் எடுத்தவர் அப்பாவி, வங்கியும் எங்கள் பக்கம் என்று. விசாரணையில் எதிர்த்தரப்பு, "எது அசல் வீடு, எது நகல்?" என்று கேட்டது. "முக்கொம்புல ஒரே ஆறு காவேரின்னும் கொள்ளிடம்னும் பிரியறது. எது அசல்னு எங்க ஊர்ல யாரும் கேட்டதில்லை" என்றாள் யமுனா. தீர்ப்பாயம் நேரில் பார்த்துவர ஆய்வு அதிகாரி பீமராவை அனுப்பியது.

இதற்கிடையில், குடியிருந்த வீட்டில் தினமும் தரையில் மணல் விழுந்தது. லாரிப் புழுதி என்று ஹாஜிரா பெருக்கிக் குப்பையில் கொட்டிவந்தாள். ஒருநாள் கனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "ஏ புள்ள, இது காவேரி மணல் இல்ல. இருபது வருஷம் நான் சோத்தோட மென்ன மணல்." ஹாஜிராவின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு மணி மணல்கூட இல்லை.

பீமராவ் வந்தது கார்த்திகைத் தூறலில். பக்கத்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹாஜிரா வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து டீ குடித்தார். அடுப்படியிலிருந்து அனல்காற்று அடித்ததில் அவர் கண்ணாடி மங்கி, பிறகு காய்ந்தது. கிளம்பும்போது ஷூ நிறைய மணல், தொட்டால் சுட்டது. கொட்டினார், நிரம்பியது. மறுபடி கொட்டினார், மறுபடி நிரம்பியது. "என்னம்மா இது?" என்றார். "அவர் சம்பாத்தியம் சார்" என்றாள் ஹாஜிரா. பீமராவ் பார்த்ததைப் பார்த்தபடியே அறிக்கையில் எழுதி, வெறுங்காலோடு காரில் ஏறினார்.

மணல் விழும் வீட்டின் மீதான முடக்கம் செல்லாது என்று உத்தரவு வந்தது. மணல் விழாத வீடு முடக்கத்திலேயே இருந்து, பின்னால் விற்கப்பட்டு, சீட்டுக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. வெள்ளையம்மாள் மகள் கல்யாணம் நடந்தது. பந்தியில் வெள்ளையம்மாளே கனிக்கு முதல் இலை போட்டாள்.

இப்போதெல்லாம் அவள் காலையில் வாளியோடு வருகிறாள். "அக்கா, கொஞ்சம் மணல் குடுங்க. சட்டி கரி புடிச்சுக் கெடக்கு."

"அள்ளிக்க" என்கிறாள் ஹாஜிரா, பெருக்கியபடியே. "இன்னைக்கு நெறைய வந்திருக்கு. அங்க காத்து ஜாஸ்தி போல."