குறை சொல்லாத ஊர்

பங்குனித் திங்களின் காலைப்பொழுது. காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிகள் எல்லை வகுத்த மேய்ச்சற் காடுகள் கண்ணெட்டும் தொலைவுவரை செம்மண்ணும் காய்ந்த புல்லுமாய் விரிந்து கிடந்தன. வெள்வேல மரங்களின் மெலிந்த நிழல்களில் திமில் உயர்ந்த காளைகள் அசைபோட்டுப் படுத்திருந்தன. கிணற்று மேட்டில் எருதுகள் இறங்கி ஏற, தோற்சால் நீரைக் கொட்டும் ஓசை, வேனிலே பெருமூச்செறிவது போல விட்டுவிட்டு எழுந்தது. வெயில் இன்னும் முதிராத அந்த வேளையில், கிளுவம்பாளையம் என்னும் சிற்றூர் மட்டும், மணமகனை எதிர்நோக்கும் மனைபோலப் பரபரத்துக் கொண்டிருந்தது. அன்று அவ்வூர்ப் பள்ளியைக் காணத் துணை ஆய்வாளர் வருகிறார்.

நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கடந்திருந்த காலம் அது. ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்று அரசு விரும்பியது; விரும்பியதோடு நில்லாமல் ஆணையும் பிறப்பித்தது. கிளுவம்பாளையத்தார் தாமே மண் குழைத்துச் சுவரெழுப்பி, ஓடு வேய்ந்து, ஓர் அறையை ஆக்கித் தந்தனர். அவ்வறைக்கு ஆசிரியையாக வந்தவள் வெங்கடலட்சுமி. உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் தெலுங்கு பேசும் உழவர் குடியிற் பிறந்து, பள்ளியிறுதி தேறிய கையோடு, கற்பிக்கும் முறையை எவரிடமும் பயிலாமலே பணியேற்றவள். ஐந்து வகுப்புக்கும் அவள் ஒருத்தியே ஆசிரியை. ஒரு வகுப்புக்குக் கணக்கு சொல்லும்போது மற்ற நான்கும் அவள் முகம் பார்த்துக் காத்திருக்கும்.

இப்போது அரசு இன்னொரு நல்லாணை பிறப்பித்திருந்தது: பயிற்சி பெறாத ஆசிரியர் அனைவரும் ஈராண்டு பயிற்சிக்குச் செல்ல வேண்டும், செல்லாதார்க்குப் பணியில்லை. வெங்கடலட்சுமி அதற்காக ஏங்கியவள்தான். இருட்டறையில் கைதடவி நடப்பது போலத் தான் கற்பிப்பதை அவளே அறிவாள். ஆயினும் ஆனித் திங்களில் அவள் பயிற்சிக்காகக் கோவைக்குச் சென்றுவிட்டால் இப்பள்ளியின் கதி என்ன? இரண்டாம் ஆசிரியர் ஒருவரை அதற்குள் அரசு அளித்தாலன்றிக் கதவு மூடப்படும். அந்த ஆசிரியர் இடத்தைத் தருவதா இல்லையா என்பது அன்று வருகின்றவர் சொல்லில் இருந்தது.

ஆகவே முந்திய கிழமையே அவள் ஊராரைக் கூட்டிக் கைகூப்பிச் சொல்லியிருந்தாள்.

"மாமா, அவரு கேக்கறப்ப இருக்கற கொறைய மறைக்காமச் சொல்லிப்போடுங்க. பெஞ்சு இல்லீங்க, படம் இல்லீங்க, ஒத்தை ஆளுங்கன்னு வாய்விட்டுச் சொன்னாத்தான் இன்னொரு வாத்தியார் வருவாங்க."

ஊர்ப் பெரியவர் பாலுசாமி மீசையைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க, அம்மணி. நீங்க எதுக்கும் வெசனப்படாதீங்க" என்றார்.

அவர்கள் பார்த்துக்கொண்ட விதத்தை அன்று காலை அவள் கண்டாள். சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டுப் பால்போல் ஒளிர்ந்தன. காங்கேயத்து எண்ணெய் ஆலையிலிருந்து வண்டி வைத்து இரவல் வாங்கிவந்த நீள்பலகைகள் அணிவகுத்து நின்றன. யாருடைய இல்லத்துச் சுவரிலோ தொங்கிய கடிகாரமும், வேறோர் ஊர்ப் பள்ளியின் நாட்டுப்படமும் மாலை சூடித் தொங்கின. வெங்கடலட்சுமி வாயிலிலேயே நின்றுவிட்டாள்.

"இதென்னங்க மாமா, எல்லாத்தையும் மறைச்சுப்போட்டீங்க?"

"நல்ல கதைங்க! ஊட்டுக்கு விருந்தாளி வாறப்ப ஒழுகற ஓட்டையும் கிழிஞ்ச பாயையுமா காட்டுவாங்க?" என்று சிரித்தார் பாலுசாமியின் தம்பி செங்கோட்டையன். "வெறுந்தரையில ஒக்கார வெச்சா, அந்தாளு ஊரூராப் போயி நம்ம மானத்தையல்லோ கப்பலேத்துவாரு!"

துணை ஆய்வாளர் தம்பிதுரை நல்லவர். மிதிவண்டியில் வெயிலோடு வந்து இறங்கியவர், பிள்ளைகளோடு பலகையிலமர்ந்து கேள்வி கேட்டார். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திப் பாடம் சொல்ல அவள் பழக்கியிருந்தாள். ஒருத்தியாய் ஐவரின் பணியைச் சுமக்க அவள் கண்ட வழி அது. அன்று அது தேர்ந்த நாட்டியம்போல் நடந்தது. அவர் முகம் மலர மலர அவள் நெஞ்சு வாடியது. அவள் சிவன்மலை முருகனை நினைத்துக்கொண்டாள்.

நண்பகலில் பாலுசாமியின் மனையில் தலைவாழை இலை விரிந்தது. அவர் மனைவி சென்னியம்மாள் நெய்யும் பருப்பும் பரிமாறி, "ஏனுங், இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்க, எலை வெறும் எலையா இருக்குதுங்க" என்று நிறைந்த இலையைக் காட்டி மன்றாடினாள். உண்டு கைகழுவிய ஆய்வாளர், கூடியிருந்தோரை நோக்கிக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை இருக்குது? மனம்விட்டுச் சொல்லுங்க."

அந்த ஒரு கணத்துக்காகவே வெங்கடலட்சுமி நெடுநாள் காத்திருந்தாள். பாலுசாமி எழுந்து, தோள்துண்டை எடுத்து இடுப்பிற் கட்டிக்கொண்டு, பணிந்து சொன்னார்.

"நீங்க வந்ததே போதுமுங்க. ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையுமில்லீங்க."

அவள் திடுக்கிட்டு முன்வந்து, "ஐயா, அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்திதானுங்க..." என்று தொடங்கினாள். அதற்குள் செங்கோட்டையன், "எங்க அம்மணி ஒண்டியா நின்னாலும் அஞ்சு ஆளுக்குச் சமமுங்க! வேறெந்த ஊர்லயும் இப்படி ஒருத்தரப் பாத்திருக்க மாட்டீங்க!" என்றார். கூடியிருந்தோர் ஆமாம் ஆமாம் என்று ஆரவாரித்தனர். அம்முகங்களில் பொங்கிய பெருமிதத்தை அவள் பார்த்தாள். விருந்தினர் முன்னே அம்முகங்களைப் பொய்யாக்க அவளுக்கு நா எழவில்லை. தலைகுனிந்தாள், ஆய்வாளர் அதனை அடக்கம் என்று கொண்டார்.

சித்திரை முடிவில் செய்தி வந்தது. வட்டத்துக்கு அரசு அளித்த ஒரே இடம், வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டது.

கேட்டதும் பாலுசாமி தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "எலை போட்டுச் சோறு வெச்சுப்போட்டு, அவரு கையில ஈரங் காயறதுக்குள்ள எப்படிங் அம்மணி கேக்கறது? போட்ட சோத்துக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிப்போயிருமுங்களே."

அவளுக்குச் சினம் மூண்டது. மூண்ட விரைவிலேயே தணிந்தும் போயிற்று. தானும் அன்று அந்த இலையில் உண்டவள்தானே. தானும் வாய் மூடியவள்தானே.

மறுநாள் இருவரும் தாராபுரம் சென்று அலுவலகத்தில் தம்பிதுரையைக் கண்டனர். பலகையும் கடிகாரமும் இரவல் என்று பாலுசாமி ஒளிக்காமல் உரைத்தார். கேட்ட ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்னங்க இப்படிச் செஞ்சுட்டீங்க! கையில இருந்தது ஒரே ஒரு இடம். அது போன ஊர்ல புளியமரத்தடியில பள்ளிக்கூடம். இருக்கற வாத்தியாருக்குப் பார்வை மங்கிப்போச்சு. இடிஞ்சு விழுந்த கொட்டகையைக் காட்டிக் காட்டி அழுதாங்க. ஆணையில இன்னும் ஒப்பமாகல. நீங்க உண்மையை எழுதிக் கொடுத்தா மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஆனா ஒரு ஊருக்குக் கொடுக்கணும்னா இன்னொரு ஊர்ல இருந்துதான் எடுக்கணும்."

பாலுசாமி தம் காலடித் தரையைப் பார்த்தபடி நின்றார். "அங்க எத்தனை புள்ளைங்க இருக்கறாங்க, சாமி?"

"ஏறத்தாழ உங்க ஊர் அளவுதான்."

சுவரில் பல்லி ஒலித்தது. வெங்கடலட்சுமி பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். காணாத புளியமரம் ஒன்றும், அதன் நிழலில் அமர்ந்த காணாத பிள்ளைகளும் கண்முன் வந்து நிற்க, அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"உட்டுருங்க" என்றார் பாலுசாமி. "அதுகளும் கொழந்தைகதானுங்க. அதுக கையில இருக்கறதப் புடுங்கி எங்க கொழந்தைகளுக்குக் குடுக்க வேண்டாமுங்க."

"அடுத்த ஆண்டு கட்டாயம் எழுதறேன்" என்றார் ஆய்வாளர். அக்குரலில் இருந்த நேர்மையே அவளை மேலும் வருத்திற்று. பழிப்பதற்கு ஒருவரேனும் கிடைத்திருந்தால் நெஞ்சுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். ஊர்தோறும் பள்ளி என்ற எண்ணம் நல்லது. பயிற்சி என்ற ஆணை நல்லது. விருந்தோம்பிய ஊர் நல்லது. பிறர் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்த முதியவரும் நல்லவர். இத்தனை நன்மைகளும் ஒன்றுகூடி ஒரு சிறு பள்ளியின் கதவை மூடுவதை, அன்பரே, அவள் கைகட்டி நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

ஆனி பிறந்தது. வசதியுள்ள சிலர் தம் ஆண்மக்களைக் காங்கேயத்துப் பள்ளிக்கு அனுப்பினர். அவ்வளவு தொலைவு நடக்கப் பெண்மக்களை விடுவார் இல்லை. அவர்கள் கையில் மாடு ஓட்டும் கோல்கள் ஏறின. புறப்படும் நாளுக்கு முந்திய மாலை, வெங்கடலட்சுமி பள்ளித் திறவுகோலைக் கொடுக்கப் பாலுசாமியின் மனைக்குச் சென்றாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டவள் சென்னியம்மாள்.

"காத்தால மாடு பத்தறதுக்கு முன்ன ஒரு நாழி தொறந்து வெக்கறேனுங்க, அம்மணி. எனக்கு எழுத்துந் தெரியாது, ஒண்ணுந் தெரியாது. ஒக்கார வெக்கத் தெரியும். சொன்னதச் சொல்லுங்கடான்னு அதட்டத் தெரியும். ஒக்காந்து பழகுனது மறந்துபோகக் கூடாதுங்களே?"

வெங்கடலட்சுமி அவள் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாட் காலை அவள் ஏறிய பேருந்து, ஊர் முகப்பில் பால்குடங்களை ஏற்றுவதற்காக நின்றது. அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே பெண்பிள்ளைகள் ஒருமித்து வாய்பாடு ஓதும் ஒலி காலைக் காற்றில் மிதந்து வந்தது. இரண்டாம் வாய்பாடு, மூன்றாம் வாய்பாடு என்று ஏறி ஏழாவது வரை அது தடையின்றி வந்தது, அங்கே நின்றது. எட்டாவதைக் கற்பிக்க அவளுக்குக் காலம் வாய்க்கவில்லை. அந்த நின்ற கணத்தில் அவள் இதழ்கள் தாமே அசைந்து எட்டாம் வாய்பாட்டைத் தொடங்கின. கேட்பார் அங்கு எவருமில்லை. பிறகு சென்னியம்மாளின் அதட்டல் கேட்டது. பிள்ளைகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

பேருந்து நகர்ந்தது. ஓர் எளிய நெஞ்சின் கனிவு கதவைத் திறந்துவைக்கும், பிள்ளைகளை ஒன்றாய் அமர்த்தும், கற்றதைக் காக்கும். அதற்கப்பால் ஒரு வரி சொல்லித்தர அதனால் ஆவதில்லை. அது தெரிந்திருந்தும் நாள்தோறும் எழுந்து கதவைத் திறப்பவளை இறைவன் காப்பானாக. அந்த வாயில் வழியே ஒருநாள் எட்டாம் வாய்பாட்டையும் அனுப்புவானாக.